வைரஸ் லேபில் தொடங்கி மரபணு சிகிச்சை வரை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழி

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “ஜீன் தெரபியில ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. ஆனா கிடைச்சிருக்கறது டெங்கு, ஹெபடைட்டிஸ் சாம்பிள் பார்க்கற வேலை. சேர்ந்தா அங்கேயே மாட்டிக்குவேனா?”

சேருங்கள் என்றுதான் சொல்வேன். மரபணு சிகிச்சை என்பது நோயைச் சரிசெய்யும் மரபணுவை நோயாளியின் செல்களுக்குள் சேர்ப்பது. அந்த மரபணுவைக் கொண்டுபோகும் வாகனங்களான வெக்டர்களில் பெரும்பாலானவை பெருகும் திறன் பறிக்கப்பட்ட வைரஸ்கள். வைரஸை வளர்ப்பது, எண்ணுவது, உடல் அதை எப்படி எதிர்க்கிறது என்று அளப்பது ஆகிய மூன்றும் கைவந்துவிட்டால் நோய் ஆராய்ச்சியிலிருந்து மரபணு சிகிச்சைக்குப் போவது பெரிய தாவல் இல்லை.

வேலூரையே பாருங்கள். 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) போயின. அங்கே செய்த எலைசா பரிசோதனையில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. 2024 டிசம்பரில் அதே வேலூரிலிருந்து ரத்தவியல் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினரின் கட்டுரை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா-ஏ கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை அவர்களுடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்களுக்குள் ஏற்றித் திருப்பிச் செலுத்தியிருந்தார்கள். ஐந்து பேரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். அந்தக் காலத்தில் அவர்களுடைய ஆண்டு ரத்தக்கசிவு விகிதம் பூஜ்யம். மரபணுவைச் சுமந்து போனது லென்டிவைரஸ் வெக்டர். எச்.ஐ.வி.யைப் பிரித்துப்போட்டு உருவாக்கப்பட்ட வகை அது.

ஆகவே பாதை உண்டு. அதில் எப்படி நடப்பது என்பதைப் பார்ப்போம்.

1. பட்டத்தின் பெயரைப் பற்றி ரொம்பவும் கவலைப்படாதீர்கள்

வைராலஜி என்ற பெயரிலேயே எம்.எஸ்ஸி. வேண்டுமென்றால் பக்கத்திலேயே திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்துகிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கிடைக்காவிட்டால் மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி எதுவானாலும் போதும். மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறையின் உதவி பெறும் எம்.எஸ்ஸி. இடங்களுக்கு ‘காட்-பி’ தேர்வும், ஐ.ஐ.டி.களுக்கு ‘ஜாம்’ தேர்வும் எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எம்.டி. மைக்ரோபயாலஜி வழியாக வரலாம். நோயாளியைத் தெரிந்தவர் லேபில் கிடைப்பது அரிது என்பதால் அவர்களுக்கு எப்போதும் மதிப்பு.

கவனிக்க வேண்டியது கடைசி ஆண்டு புராஜெக்ட். அதை உங்கள் கல்லூரியிலேயே செய்து முடிக்காமல், செல் கல்ச்சர் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் செய்யப் பாருங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ‘கிரிஸ்பர் (மரபணுத் திருத்தம்) பயிற்சிச் சான்றிதழ்’ தரும் இடங்கள் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. நேர்முகத்தில் அந்தக் காகிதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2. முதல் வேலை: சாம்பிள் வரும் இடம் நல்ல இடம்

மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை நாடு முழுக்க வைரஸ் ஆராய்ச்சி, நோயறிதல் ஆய்வகங்களை நடத்துகிறது. ‘வி.ஆர்.டி.எல்.’ என்றால் எல்லோருக்கும் தெரியும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் இவை உள்ளன. வேலை ஒப்பந்த அடிப்படையில்தான், சம்பளமும் பிரமாதமில்லை. ஆனால் மழைக்காலத்து டெங்கு அலையில் ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி பார்க்கிறீர்களோ அத்தனை தடவை உங்கள் பிப்பெட் கை பழகுகிறது. கன்ட்ரோல் ஏன் தப்பியது, ஆர்.என்.ஏ. ஏன் சிதைந்தது, எந்தக் கிட் எப்போது பொய் சொல்லும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்காது.

சேர்ந்த முதல் வாரமே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி. 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, 10 மில்லி யூனிட்டுக்கு மேல் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஊசி போட்டும் உடல் ஏற்காதவர்கள் சிலர் உண்டு, அது முன்பே தெரிந்தாக வேண்டும். கையில் ஊசி குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மூடியைத் திரும்ப ஊசியில் செருகும் பழக்கம் இருந்தால் அதை அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

3. செல் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வைரஸ் தானாக வளராது, உயிருள்ள செல் வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா என்று போனால் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல். வெக்டர் தயாரிப்புக்கு எச்.இ.கே. 293 அல்லது அதன் பங்காளியான 293டி. 1973 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபிராங்க் கிரஹாம் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லில் அடினோ வைரஸின் துண்டைச் செலுத்தி இந்த வரிசையை உருவாக்கினார். 293 என்பது அவருடைய சோதனையின் வரிசை எண். அதற்கு முந்தைய எண்களெல்லாம் என்ன கதியாயின என்று நினைத்துப் பார்த்தால் ஆராய்ச்சி வாழ்க்கை எப்படிப்பட்டது என்று ஓரளவு புரிந்துவிடும்.

293டி செல்கள் தட்டில் தளர்வாகத்தான் ஒட்டும். மீடியாவைச் செல்லின் மேல் நேராக ஊற்றினால் படலம் படலமாகப் பெயர்ந்து வந்துவிடும், எனவே பக்கச்சுவர் வழியாக மெதுவாக விடுங்கள். தட்டு நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல் 70–80 விழுக்காடு நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். எத்தனையாவது தலைமுறை என்பதை ஒவ்வொரு பிளாஸ்கிலும் எழுதுங்கள். வயதான செல்லில் வெக்டர் விளைச்சல் சரியும். மாதம் ஒருமுறை மைகோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்கான பரிசோதனை செய்யுங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, மீடியாவைக் கலக்காது, ஆனால் உங்கள் ஆறு மாத முடிவுகளைக் குப்பையாக்கிவிடும்.

செல் நன்றாக வந்ததும் ஒரு லென்டிவைரஸ் வெக்டரைச் செய்து பாருங்கள். ஒளிரும் பச்சைப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட வடிவ டி.என்.ஏ.) ஒன்று, உள்கூட்டைக் கட்டும் பிளாஸ்மிட் ஒன்று, வெளியுறைப் புரதத்துக்கு ஒன்று. இந்த மூன்றையும் 293டி செல்லுக்குள் ஒரே நேரத்தில் செலுத்தினால் 48, 72 மணி நேரத்தில் மீடியாவில் வெக்டர் இருக்கும். வைரஸின் மரபணுக்களை ஏன் தனித்தனி பிளாஸ்மிட்டில் பிரித்து வைக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவை திரும்ப ஒன்றுசேர்ந்து பெருகும் வைரஸாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கிடைத்ததை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். 0.22 போட்டால் ஒரு பகுதி அதிலேயே தங்கிவிடும். சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 இல் வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறைய வைக்கும்போதும் டைட்டர், அதாவது வேலை செய்யும் வெக்டரின் செறிவு, இறங்கும்.

ஏஏவி (அடினோ-அசோசியேட்டட் வைரஸ்) என்ற சிறு வைரஸிலிருந்து செய்யும் வெக்டர் என்றால் வேறொரு தொல்லை. அதன் மரபணுவின் இரு முனைகளிலும் மடிந்து நிற்கும் ‘ஐ.டி.ஆர்.’ பகுதிகளைச் சாதாரண ஈ. கோலை பாக்டீரியா தன் இஷ்டத்துக்கு வெட்டிக் குறைத்துவிடும். அதற்கென்று உள்ள பாக்டீரியா வகையில் 30 டிகிரியில் வளர்த்து, ஒவ்வொரு தயாரிப்பையும் ஸ்மா-1 என்சைமால் வெட்டி ஜெல்லில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் வெக்டர் வரவில்லையே என்று மாதக்கணக்கில் முட்டிக்கொள்பவர்கள் நிறைய.

4. ஒரே பரிசோதனையை இரண்டு கண்ணால் பாருங்கள்

நோய் ஆய்வகத்தில் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைகளில் எவையெல்லாம் மரபணு சிகிச்சையிலும் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சுயவிவரத்தில் எழுதும்போது கைகொடுக்கும்.

எச்.ஐ.வி.யின் உள்கூட்டுப் புரதமான பி24ஐ அளக்கும் எலைசா, எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறியப் பயன்படுகிறது. லென்டிவைரஸ் வெக்டர் எவ்வளவு விளைந்தது என்று பார்க்கவும் அதே பி24தான். அந்த எண் மொத்தத் துகள்களைக் காட்டுமே தவிர, செல்லுக்குள் போய் வேலை செய்யக்கூடியவை எத்தனை என்று சொல்லாது. அதற்குச் செல்லில் ஏற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தாலே நேர்முகத்தில் பாதி கிணறு தாண்டியாயிற்று.

வைரல் லோடு பார்க்கும் பி.சி.ஆர்., ஒரு செல்லுக்குள் வெக்டரின் எத்தனை பிரதிகள் ஒட்டியிருக்கின்றன என்று பார்க்கவும் உதவுகிறது. ஏஏவியில் நோயாளிக்குக் கொடுக்கும் அளவையே இதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முதுகுத்தண்டு தசைச் சிதைவுக்கான ஸோல்ஜென்ஸ்மா மருந்தில் ஒரு கிலோ எடைக்கு 1.1 × 10¹⁴ வெக்டர் மரபணுக்கள். தயாரிப்பில் மரபணு ஏறாத வெறுங்கூடுகளும் கலந்து வரும். முகவரி எழுதி உள்ளே கடிதம் வைக்காத உறைபோல அவை வேலைக்கு உதவாது, ஆனால் உடலின் எதிர்ப்பை மட்டும் தூண்டிவிடும். அவற்றைப் பிரித்தெடுப்பதும் எண்ணுவதும் தனிக் கலை.

நியூட்ரலைசேஷன் பரிசோதனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். டெங்குவிலும் கொரோனாவிலும் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் வைரஸைத் தடுக்கிறதா என்று பார்ப்பீர்கள். அங்கே தடுத்தால் மகிழ்ச்சி. மரபணு சிகிச்சையில் அதே முடிவு கெட்ட செய்தி. ஏஏவி இயற்கையிலேயே மனிதரைத் தொற்றும் வைரஸ், நோய் தருவதாகத் தெரியவில்லை. சிறு வயதில் வந்துபோன தொற்றால் ஏராளமானவர்களிடம் அதற்கு எதிர்ப்பொருள் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள மருந்தைச் செலுத்தினாலும் கல்லீரலைச் சேரும் முன்பே வீணாகலாம். அதனால்தான் பல ஏஏவி சோதனைகளில் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். அதை நம்பகமாகச் செய்யத் தெரிந்தவர் வைரஸ் நோய் ஆய்வகத்தில் பழகியவராகவே இருப்பார்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் டி செல்களை மரபணு மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சையை லென்டிவைரஸ் வழியாகப் பெற்ற ஒருவரின் ரத்தம் சில எச்.ஐ.வி. பி.சி.ஆர். பரிசோதனைகளில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்-19 ஐ.ஐ.டி. பம்பாயிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவாகி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அதுவும் லென்டிவைரஸ் வெக்டரைக் கொண்டதே. இனி இப்படிப்பட்ட நோயாளிகள் மாவட்ட மருத்துவமனைக்கும் வருவார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

5. வெக்டரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கைப் பழகுங்கள்

ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும்போதெல்லாம் முதலில் கேளுங்கள்: மரபணு எவ்வளவு நீளம், செல் பிரிந்துகொண்டே இருக்கும் வகையா?

ஏஏவியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்துகள். எட்டாம் காரணியின் முழு மரபணுச் செய்தி சுமார் 7,000. நடுவிலுள்ள ‘பி’ பகுதி இல்லாமலும் அந்தப் புரதம் வேலை செய்யும் என்பதால் அதை வெட்டி எறிந்து சுமார் 4,400க்குக் கொண்டுவருகிறார்கள். அப்படியும் ஏஏவிக்குள் திணித்துத்தான் வைக்க வேண்டும். ஹீமோபிலியா-பி.க்குரிய ஒன்பதாம் காரணி இதைவிடப் பல மடங்கு சிறியது, தாராளமாக அடங்கும். ஏஏவி கொண்டுவந்த மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் ஒட்டாமல் தனியே மிதக்கும். கல்லீரல் செல் மெதுவாகப் பிரிவதால் அங்கே பல ஆண்டு தாங்கலாம். ரத்த ஸ்டெம் செல் ஓயாமல் பிரியும், மிதக்கும் மரபணு அங்கே கரைந்துபோகும். அதற்குக் குரோமோசோமிலேயே ஒட்டிக்கொள்ளும் லென்டிவைரஸ் வேண்டும். வேலூரில் ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்பது இப்போது விளங்கும். இந்தக் கணக்கைத் தசைச் சிதைவு நோய்க்கும் போட்டுப் பாருங்கள். டிஸ்ட்ரோஃபின் மரபணுச் செய்தியில் புரதத்துக்கான பகுதி மட்டும் சுமார் 11,000 எழுத்து. சுருக்கப்பட்ட ‘மைக்ரோ’ வடிவத்தை ஆராய்ச்சியாளர்கள் ஏன் நாடினார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

6. இறந்தவர்களைப் பற்றிப் படியுங்கள்

வெற்றிக் கதைகளைச் சமூக ஊடகமே உங்களிடம் கொண்டுவந்துவிடும். தோல்விகளை நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் 18 வயது ஜெசி கெல்சிங்கர் அடினோ வைரஸ் வெக்டர் செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்தார். உடலின் எதிர்ப்பு கட்டுமீறியதே காரணம். பாரிஸில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சை பலித்தது, ஆனால் சிலருக்குப் பின்னர் ரத்தப் புற்றுநோய் வந்தது. பழைய ரெட்ரோவைரஸ் வெக்டர், எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவின் அருகில் போய் ஒட்டி அதை முடுக்கிவிட்டிருந்தது. தன்னைத் தானே செயலிழக்கச் செய்துகொள்ளும் லென்டிவைரஸ் வெக்டர்களுக்கு மாறியதற்கு இது முக்கியக் காரணம். மாறியும் ஆபத்து ஒழியவில்லை: மூளை நோய் ஒன்றுக்கான ஸ்கைசோனா சிகிச்சை பெற்ற சில சிறுவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருக்கிறது. 2025 இல் தசைச் சிதைவுக்கான எலிவிடிஸ் பெற்ற, நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு பதின்பருவத்தினர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள்.

இவை ஒவ்வொன்றிலும் வைரஸுக்கும் உடலுக்கும் நடந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பிஎச்.டி. நேர்முகத்துக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

7. பிஎச்.டி.: தேர்வும் வழிகாட்டியும்

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப்., பயோடெக்னாலஜி துறையின் ‘பெட்’, கேட் ஆகியவை பொதுவான வாசல்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 தொடக்கத்திலிருந்து மாதம் ரூ.37,000, இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சியாளர்) ஆனால் ரூ.42,000, வீட்டு வாடகைப் படி தனி. சொந்த உதவித்தொகையோடு வரும் மாணவரை மறுக்கிற வழிகாட்டி குறைவு. எனவே தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கு அருகில் பார்க்க வேண்டியவை: வேலூரில் சி.எம்.சி. வளாகத்திலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் அங்குள்ள மருத்துவ வைராலஜித் துறையும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம், அதே ஊரை ஒட்டித் தொன்னக்கல்லில் உள்ள வைராலஜி நிறுவனம். அபாயகரமான வைரஸ்களில் ஆர்வம் இருந்தால் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையான பி.எஸ்.எல்.-4 ஆய்வகம் உள்ள புனே.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடமாவது பேசிவிடுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது, வெக்டரை லேபிலேயே செய்கிறார்களா வெளியே வாங்குகிறார்களா என்று கேளுங்கள். தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வெக்டர் தயாரிப்பைக் கற்றுத்தர ஆளில்லாத இடத்தில் முதல் இரண்டு ஆண்டு வீணாகும்.

8. விதிகளைத் தெரிந்தவருக்குக் கிராக்கி

இந்தியாவில் மரபணு மாற்றிய வைரஸைத் தொடும் எந்த ஆய்வும் முதலில் நிறுவனத்தின் உயிர்ப் பாதுகாப்புக் குழுவிடம் போக வேண்டும். அதற்கு மேலே, மரபணு மாற்ற ஆய்வுகளைப் பரிசீலிக்கும் பயோடெக்னாலஜி துறையின் ஆர்.சி.ஜி.எம். குழு. மனிதரில் சோதனை என்றால் நெறிமுறைக் குழுவும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்துகொள்ளும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2019 இல் வெளியிட்ட மரபணு சிகிச்சை வழிகாட்டு நெறிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆராய்ச்சி மாணவரை எந்த லேபும் எளிதில் இழக்க விரும்பாது. பிற்காலத்தில் தரக்கட்டுப்பாடு, ஒழுங்குமுறை வேலைகளுக்கும் இதுவே நுழைவாயில். ஹீமோபிலியா-பி.க்கான ஹெம்ஜெனிக்ஸ் அமெரிக்காவில் 35 லட்சம் டாலர் விலையில் வந்தது. இங்கே மலிவாகச் செய்யத் தரமான வெக்டர் தயாரிப்பு இங்கேயே வேண்டும். வரும் ஆண்டுகளில் ஆள் தேவைப்படப்போவது அந்தத் தயாரிப்பில்தான் என்பது என் கணிப்பு.

9. கடிதம் எழுதும்போது

“மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு மரபணு சிகிச்சையில் மிகுந்த ஆர்வம்” என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் நாளுக்குப் பத்து வரும். உங்களுடையது அரைப் பக்கம் இருந்தால் போதும். அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் பெயர் சொல்லி, அதிலுள்ள ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அடுத்து உங்கள் கையால் செய்தவற்றை எண்ணோடு சொல்லுங்கள்: எந்த செல், எந்த வைரஸ், டைட்டர் எவ்வளவு, அதை எந்த முறையில் அளந்தீர்கள். பார்த்ததையும் செய்ததையும் கலக்காதீர்கள், நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் அடுத்த லேபுக்கு எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலை அவர்கள் கேட்கும்போது அனுப்பினால் போதும்.